வெட்டு இல்லாமல் தாயமா?

கோடை விடுமுறை வந்தால் தாயக்கட்டைக்கு மவுசு கூடிவிடுகிறது. பித்தளைக் கட்டை இரண்டு, துணியில் அச்சடித்த கட்டம், நாலு நிறத்தில் மரக்காய்கள் என்று அழகான பெட்டிகளில் விற்கிறார்கள். கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாரம்பரிய விளையாட்டு நாள் என்று அறிவித்து, கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியம். ஆனால் கட்டையைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு பெரியவர் ஒரு தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறார்: "சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, அழுவாங்க. வெட்டு வேண்டாம்."

நல்ல மனதோடு சொல்லப்படும் அந்த ஒரு வரியில் தாயம் செத்துப்போகிறது. எதிரியின் காய் நிற்கும் வீட்டுக்கு நம் காய் போய், அதைத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் வெட்டு. அது போன பிறகு அங்கே நடப்பது யார் முதலில் வீட்டுக்குப் போவது என்ற ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தில் பிள்ளைகளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது. கால் மணி நேரத்தில் அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். பொறுமையைக் குறை சொல்வதற்கு முன், அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும்.

கட்டம் போடுவதை விவரிக்கத் தேவையில்லை. ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது வீடு. நாலு பக்கத்து நடுவீட்டிலும் பெருக்கல் குறி போட்டால் அது மலை, அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. மூலைகளையும் மலையாக்கும் ஊர்கள் உண்டு, உள்சுற்றில் கூடுதலாக மலை போடும் ஊர்களும் உண்டு. ஆளுக்கு ஆறு காய். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் காய் இறங்கும். வெளிச்சுற்றைச் சுற்றி, உள்சுற்றுக்குள் நுழைந்து, நடுவீட்டில் பழம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். 2, 3, 4 விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போகும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கட்டையின் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு முகம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 16 வகையில் விழலாம். அதில் மூன்று விழ 4 வழி இருக்கிறது. இரண்டுக்கு 3 வழி, நாலுக்கு 3 வழி. தாயத்துக்கு 2, ஐந்துக்கு 2. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் வரும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. அரிதாக விழும் எண்களுக்கு மட்டும் மறுஉருட்டு கொடுத்திருப்பதில் எத்தனை நுட்பம் இருக்கிறது, பாருங்கள். யார் கையில் கட்டை இருந்தாலும் அவருடைய முறை 2, 3, 4 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடியும். பத்து முறை உருட்டக் கிடைத்தால் சராசரியாக நாலு தடவை மூன்றில் முடியும், மூன்று தடவை இரண்டில், மூன்று தடவை நாலில்.

தாயம்? 5, 6, 12 விழுந்தால் கட்டை கையிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு முறைக்குள் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அதாவது முதல் காயை இறக்கச் சராசரியாக ஆறு முறை காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு முதல் உருட்டிலேயே விழும். இன்னொருவர் பத்துப் பன்னிரண்டு முறை கட்டையைத் தேய்த்துத் தேய்த்து உருட்டியும் ஒரு காய்கூட இறங்காமல் உட்கார்ந்திருப்பார். இதில் திறமைக்கு இடமே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே நிலைமைதான்.

அப்படித் தாமதமாக இறங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதலில் இறங்கியவர் பாதிச் சுற்றைக் கடந்திருப்பார். ஒரு முறைக்கு, மறுஉருட்டுகளையும் சேர்த்து, ஒருவர் சராசரியாக நகர்வது ஆறு வீடு. ஒரு காய் பழமாக 48 அடி நடக்க வேண்டும். ஆறு காய்க்கும் சேர்த்து 288 அடி. இரண்டு பேருக்கும் கட்டை ஒரே மாதிரிதான் விழப்போகிறது என்றால், ஏழெட்டு முறை பின்தங்கியவர் எப்படி எட்டிப் பிடிப்பார்? வெட்டு இல்லாத ஆட்டத்தில் அவருக்கு வழியே கிடையாது. அடுத்த ஒரு மணி நேரம் தோற்பது தெரிந்தே உருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெட்டு இருந்தால் கதை வேறு. முன்னால் போகும் காயைப் பின்னால் வரும் காய்தான் வெட்ட முடியும். தாமதமாக இறங்கியவருக்கு முன்னால், மலை ஏறாமல் நடு வழியில் நிற்கும் காய்கள் வரிசையாக இருக்கும். முன்னேறிப் போனவருக்கோ முதுகுப் பக்கம் முழுக்க ஆபத்து. முந்தியவரை இழுத்துப் பிடிக்கவும் பிந்தியவருக்கு வாய்ப்புக் கொடுக்கவும் இந்த ஆட்டத்தில் இருக்கும் ஒரே ஏற்பாடு வெட்டுதான். சின்னப் பிள்ளைக்காக என்று சொல்லி அதை எடுத்துவிடுகிறோம். அதிர்ஷ்டம் இல்லாமல் பின்தங்கிய பிள்ளையின் கையில் இருந்த ஒரே கருவியை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

வெட்டினால் இன்னொரு உருட்டு உண்டு. அதைவிடப் பெரிய விதி, ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது. இதை முதன்முதலில் யோசித்தவர் யாரோ, அவரை வணங்க வேண்டும். வேகமாக ஓடி ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டவர் வாசலில் தடுக்கப்படுகிறார். வெட்டு இல்லையென்றால் வெளிச்சுற்றையே திரும்பச் சுற்ற வேண்டும். சுற்றும்போது அவருக்குப் பின்னால் இருந்தவர்களின் காய்கள் அவருக்கு முன்னால் வந்துவிடுகின்றன. துரத்தப்பட்டவர் துரத்துகிறார். கர்நாடகத்தில் சவுக்காபாரா, ஆந்திரத்தில் அஷ்டா சம்மா என்று சோழி உருட்டி ஆடும் ஐந்துக்கு ஐந்து கட்டத்து ஆட்டங்களிலும் பல வீடுகளில் இதே விதி இருக்கிறது. மொழி மாறினாலும் இதை யாரும் விடவில்லை. வெள்ளைக்காரர்கள் இதே வகை ஆட்டமான நம் பச்சீசியை எடுத்துக்கொண்டுபோய், 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கியபோது, ஆறு முகப் பகடை ஒன்றை வைத்து எளிமையாக்கினார்கள். வெட்டினால்தான் நுழையலாம் என்ற கட்டாயம் அதில் இல்லை. நாமும் இப்போது தாயத்தை லூடோவாக்கி, அதிலும் வெட்டை எடுத்துவிட்டு ஆடுகிறோம்.

வெட்டு இருந்தால்தான் யோசனை வரும். ஒரே முறையில் 6, தாயம், 3 என்று மூன்று எண் விழுகிறது என்று வையுங்கள். மூன்றையும் ஒரே காய்க்குப் போடலாம், மூன்று காய்க்குப் பிரிக்கலாம், தாயத்தில் புதுக் காய் இறக்கலாம். வெட்டு இல்லாவிட்டால் எதை எப்படிப் பிரித்தால் என்ன? கூட்டுத்தொகை பத்துதான். வெட்டு இருந்தால், எந்தக் காய் இப்போது ஆபத்தில் நிற்கிறது, எதை மலையேற்ற முடியும், எதைத் துணிந்து வெளியே விடலாம், அடுத்தவர் எதை வெட்டக் காத்திருக்கிறார் என்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் முன்னால் சொன்ன கட்டைக் கணக்கு உயிர் பெறுகிறது. எதிரிக் காய் உங்களுக்கு மூன்று வீடு பின்னால் நிற்கிறதா? அடுத்த முறையில் அவருக்கு மூன்று விழும் வாய்ப்பு பத்தில் நாலு. இரண்டு வீடோ நாலு வீடோ பின்னால் என்றால் பத்தில் மூன்றுக்குக் குறையாது. ஆனால் ஒட்டி அடுத்த வீட்டில் நின்றால், அவருக்குத் தாயம் விழ வேண்டும். வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். ஆறு வீடு தள்ளி நின்றால் அதைவிடவும் குறைவு. ஆகவே ஓடித் தப்ப முடியாதபோது எதிரியின் மூக்குக்கு அடியிலேயே போய் நில்லுங்கள். பயந்து மூன்று வீடு தள்ளி நிற்பவர்தான் வெட்டுப்படுவார். நன்றாகத் தாயம் ஆடும் பாட்டிமார்களைப் பாருங்கள், காகிதத்தில் எழுதிப் பார்க்காமலே இதைச் சரியாகச் செய்வார்கள்.

பழம் எடுக்கும் இடத்திலும் இதே கணக்குத்தான். நடுவீட்டுக்கு ஒரு வீடு முன்னால் போய் நின்றுவிட்டு, தாயம் விழவில்லையே என்று தலையில் கை வைப்பவர்கள் நிறைய. ஆறு முறை காத்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றால் அப்படித்தான். கையில் இரண்டு காய் இருந்து எதை நகர்த்துவது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால், காயை மூன்று வீடு முன்னால் நிறுத்துங்கள். பத்தில் நாலு முறை கைகூடும். கடைசிக் காய் தாயத்தில்தான் பழுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் வீடுகளில் மட்டும் இது செல்லாது.

ஜோடி விதியும் உண்டு. ஒரே வீட்டில் தன் காய் இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் ஒற்றைக் காயால் அதை வெட்ட முடியாது என்பது பல ஊர்களின் வழக்கம். ஜோடியாக நடத்திப் போவது எப்படி, இரட்டைப்படை எண்ணைப் பாதியாக்கி நகர்த்தலாமா, ஜோடியைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். மூன்று தடவை தொடர்ந்து ஒரே எண் விழுந்தால் செல்லாது என்பார்கள் சிலர். காய் இறங்கும் முன் விழுந்த 5, 6, 12 கணக்கில் சேருமா என்பதில் ஒரே தெருவில் இரண்டு கட்சி இருக்கும். எனக்கு இந்த வேறுபாடுகளில் வருத்தமே கிடையாது. எந்த வீட்டு விதியானாலும் சரி, அதில் வெட்டு இருக்கட்டும்.

தென்காசிப் பக்கம் உறவினர் வீடு ஒன்றில் பார்த்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பேரன் மூன்றாம் வகுப்பு. அவன் காய் வெளிச்சுற்றின் கடைசி வீட்டில், இன்னும் ஓர் அடி வைத்தால் உள்ளே. ஆச்சிக்கு நாலு விழுந்தது. அவர் கொஞ்சமும் தயங்காமல் வெட்டினார். பையன் முகம் சுருங்கிவிட்டது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அத்தை, சின்னப் பிள்ளதானே, விட்டுருங்க."

"நான் விட்டுருவேன். அவன் எப்பப் படிப்பான்?" என்ற ஆச்சி பையன் பக்கம் திரும்பினார். "ஏல, போன தடவ உனக்கு ரெண்டு விழுந்துச்சுல்லா? அந்தக் காய எதுக்கு மலையிலருந்து இறக்குன? இன்னொரு காய் சும்மாதானே கெடந்துச்சு. அத நவுத்தியிருக்கலாம்லா?"

பையன் கட்டத்தைப் பார்த்தான். விரலை வைத்துப் பின்பக்கமாக எண்ணினான். அழ வேண்டும் என்பதையே மறந்துவிட்டான். அடுத்தடுத்த முறைகளில் உருட்டி முடித்ததும் உடனே காயைத் தொடாமல், ஆச்சியின் காய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினான். கடைசியில் ஆச்சியின் காய் ஒன்றை அவன் வெட்டியபோது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஆச்சி ஜெயிக்க விட்டுக்கொடுக்கவில்லை. அன்று அவர்தான் ஜெயித்தார். பையன் மறுநாள் காலையில் கட்டையோடு வந்து நின்றான் என்று பிறகு சொன்னார்கள்.

வெட்டியதோடு விடாமல், ஏன் வெட்டுப்பட்டது என்று காட்டிக் கொடுத்தார் ஆச்சி. வெட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முறை இதுதான் என்று நினைக்கிறேன். வெட்டிவிட்டுச் சிரிக்கும் மாமாவால்தான் பிள்ளை அழுகிறது, வெட்டால் அல்ல.

போட்டி மனப்பான்மை பிஞ்சு மனதுக்கு நல்லதல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாயம் சூதாட்டத்தின் தங்கை, வீட்டில் உருட்டக் கூடாது என்று ஒதுக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளியில் மதிப்பெண்ணுக்கும் மைதானத்தில் இடத்துக்கும் போட்டியிடும் பிள்ளை, பணம் வைக்காத ஓர் ஆட்டத்தில், தன்மேல் பிரியம் உள்ளவர்களின் கையால் தோற்றுப் பழகுவதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே கிடைக்கும்?

பரமபதம் வேறு வகை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதை ஆடுகிறோம். பாம்பு கொத்தினால் யார் மீதும் கோபப்பட முடியாது. ஏணி ஏறினால் பெருமைப்படவும் முடியாது. விழுந்த எண்ணுக்கு நகர்வதைத் தவிர ஆடுபவர் செய்ய ஒன்றுமில்லை. பக்திக்கு அது பொருத்தம், புண்ணிய பாவத்தைச் சொல்ல அதைவிட நல்ல படம் கிடையாது. தாயத்தில் கொத்துவது பாம்பல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தை. அவர் நினைத்திருந்தால் வேறு காயை நகர்த்தியிருக்கலாம். நீங்களும் நினைத்திருந்தால் மலையில் நின்றிருக்கலாம். இரண்டு பேரும் தேர்ந்தெடுத்ததால்தான் கோபமும் வருகிறது, அடுத்த ஆட்டத்துக்கான ஆசையும் வருகிறது.

இந்த ஆசை பழையது. கீழடியில் நாலு முகத்திலும் வட்டக் குறி செதுக்கிய நீளமான தந்தப் பகடை மண்ணிலிருந்து வந்தது. எல்லோராவின் 21-ஆம், 29-ஆம் குகைகளில் சிவனும் பார்வதியும் பகடை ஆடும் காட்சி சிற்பமாக இருக்கிறது. கோயில் மண்டபங்களின் கல்தரையில் யாரோ பொழுதுபோகாமல் கீறிவைத்த கட்டங்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். குனிந்து பார்த்தால் தெரியும், ஆழமாகக் கீறியிருப்பார்கள்.

கைபேசியில் ஆடினால் என்ன என்று கேட்பார்கள். 2020 ஊரடங்கில் வீடு வீடாக லூடோ ஆடினோம். தூரத்தில் இருந்த அண்ணன் தம்பிகளை அது சேர்த்து வைத்தது என்பதை மறுக்கவில்லை. அதில் வெட்டும் உண்டு. ஆனால் எந்தக் காய் நகரலாம் என்று திரையே மினுக்கிக் காட்டுகிறது, எண்ணி வைக்கும் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, எண்ணும்போதே ஒரு வீடு தவறி, "ஏய், அது அஞ்சு இல்ல, ஆறு" என்று நாலு பேர் கத்துவதற்கு அங்கே வழியில்லை. தரையில் ஆடும்போது கணக்குப் பார்க்கும் வேலை எல்லோருக்கும் பொது. பிள்ளைகள் அதில்தான் தேறுகிறார்கள்.

உண்மையிலேயே சின்னப் பிள்ளை, ஐந்து ஆறு வயது, வெட்டைத் தாங்காது என்று தோன்றினால் கட்டத்தைச் சின்னதாக்குங்கள். ஐந்துக்கு ஐந்து போடுங்கள். அதில் ஒரு காய் பழமாக 24 அடிதான், பெரிய கட்டத்தில் சரிபாதி. ஆளுக்கு ஆறு காய்க்குப் பதில் இரண்டு காய் போதும். வெட்டுப்பட்டால் இழப்பதும் குறைவு, திரும்பி வருவதும் சீக்கிரம். தாயம் விழாமல் காத்திருப்பதுதான் பிள்ளைகளை வாட்டுகிறது. அதனால் முதல் காயை மட்டும் தாயம் இல்லாமலே இறக்கிவிட்டு ஆரம்பிக்கலாம். வெட்டுப்பட்ட காய் திரும்ப இறங்கத் தாயத்தோடு ஐந்தையும் அனுமதிக்கலாம். வாய்ப்பு ஆறில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். இத்தனை சலுகைகளையும் கொடுக்கலாம், வெட்டில் கை வைக்காமலே.

கட்டை கைவசம் இல்லாவிட்டால் ஆறு சோழி போதும். வாய் மேல் நோக்கி எத்தனை விழுகிறதோ அத்தனை. ஒன்று என்றால் தாயம், எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழியும் இல்லையா, புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம், அரை மணி நேரம் சத்தமில்லாமல் செய்வார்கள். காய்க்கு உடைந்த வளையல், பொத்தான், கூழாங்கல், எது கிடைத்தாலும். ஜோடிக்கு என்ன விதி, தாயத்துக்கு முன் விழுந்தது சேருமா, கட்டை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டுவதா என்பதையெல்லாம் முதல் உருட்டுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேச்சில் சின்னவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு யார் முதலில் உருட்டுவது என்று பார்க்க ஆளுக்கொரு தடவை உருட்டிப் பாருங்கள். பெரிய எண் விழுந்தவர் தொடங்கட்டும்.